ஒரு நாள் டிரிம் பயிற்சி: சிமுலேட்டர் வேண்டாம், வாலடி வகுப்பு வேண்டும்

என் இடது முன்கை இரண்டு நாள் வலித்தது. அதனால்தான் இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

நடந்தது இது. தனியாக ஒரு செஸ்னா 172 சிறு விமானத்தில், தரையைத் தொட்டு நிற்காமல் மறுபடி கிளம்பும் சுற்றுகள் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்று. முழு ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்னால் இறக்கும் தகடு), 65 நாட் வேகம். யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) இழுத்துப் பிடிக்கும் பாரம் கைக்கு வராமல் இருக்க, அதற்கென்றே உள்ள டிரிம் வீலை நன்றாகப் பின்னுக்கு உருட்டியிருந்தேன். தரையிறக்கம் அருமையாக அமைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஃபிளாப்பை ஏற்றினேன், எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். டிரிம்மை மட்டும் மறந்துவிட்டேன். சக்கரம் தரையை விட்டதும் மூக்கு தானாக எழும்ப ஆரம்பித்தது. ஒரு கையால் தள்ளினேன், நிற்கவில்லை. த்ராட்டிலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தள்ளினேன், நின்றது. ஆனால் இரண்டு கையும் யோக்கில் இருந்தால் டிரிம் வீலை யார் உருட்டுவது? 400 அடி வரை அப்படியே தள்ளிக்கொண்டு போய், பிறகு வலது கையை மெல்ல எடுத்து வீலை இரண்டு முறை முன்னுக்கு உருட்டினேன். அவ்வளவு பாரமும் ஒரு நொடியில் காணாமல் போய்விட்டது.

தொழிலால் நான் பல் மருத்துவர். கைக்கு எவ்வளவு அழுத்தம் வருகிறது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் என் பிழைப்பு. ஆனாலும் 180 மணி நேரம் பறந்த பிறகும் டிரிம் என்பதை நான் கையால் புரிந்துகொள்ளவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு பறப்புப் பள்ளி ‘பிட்ச், டிரிம் கோளாறுகள்: ஒரு நாள் பயிற்சி’ என்று அறிவித்திருந்தது (பிட்ச் என்றால் மூக்கு ஏறி இறங்குவது). சேர்ந்தேன். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. இப்படிப் பயிற்சிகள் பல இடங்களில் நடக்கின்றன. எதைப் பார்த்துச் சேரலாம், எதைக் கேட்டுவிட்டுச் சேரலாம் என்பதற்கு இது உதவினால் போதும்.

நாளின் அமைப்பு: ஒன்றரை மணி நேரம் வகுப்பறை, ஒரு மணி நேரம் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்), ஒரு மணி நேரம் சிமுலேட்டர், பிறகு ஆளுக்கு ஒரு மணி நேரம் பறப்பு. நாங்கள் இரண்டு பேர். நான், அப்புறம் கமர்ஷியல் உரிமத்துக்குப் படிக்கும் 23 வயதுத் தம்பி ஒருவர். சொல்லித் தந்தவர் ஓய்வு பெற்ற விமானி. எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. அவர் என்னை டாக்டர் என்றார்.

வகுப்பறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் அரை மணி நேரம் போயிங் 737 மேக்ஸ். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள், விமானியின் கையை மீறி டிரிம்மை ஓட்டிய மென்பொருள். விஷயம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேபிளும் சங்கிலியும் கையால் உருட்டும் வீலும் உள்ள எங்கள் சிறு விமானத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள இருப்பது ஒரே வரி. அந்த வரிக்கு இருபது ஸ்லைடு. பிறகு எந்த விமானத்தில் டிரிம் எப்படி என்று ஓர் ஓட்டம். பைப்பர் செரோக்கியில் பின்வால் முழுவதும் ஒரே பலகையாக அசையும், அதன் பின் ஓரத்துச் சின்னத் தகடான டேப்பும் அதே திசையில் அசைந்து கைக்குப் பாரத்தைக் கூட்டும். மூனியில் வால் மொத்தமுமே சாயும். சிரஸில் உருட்ட வீலே கிடையாது, மின்சார டிரிம் மட்டும்தான். இது பயனுள்ள பகுதி. இதற்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

வகுப்பறையில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன அட்டவணை. அமெரிக்காவின் சிறு விமானங்களுக்கான தகுதி விதிகளில் நெடுங்காலம் இருந்த எண்கள். விமானி யோக்கில் சிறிது நேரம் கொடுக்க வேண்டிவரும் விசை இரு கைக்கு 75 பவுண்டுக்குள், ஒரு கைக்கு 50 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து பிடிக்க வேண்டியது என்றால் 10 பவுண்டு. கிலோவில் சொன்னால் 34, ஏறக்குறைய 23, நாலரை. “டாக்டர், இந்த 23 கிலோவை ஒரு கையால எவ்வளவு நேரம் தள்ளுவீங்க?” என்றார் கேப்டன். நான் பதில் சொல்லவில்லை. சட்டப்படி சரியாக இருக்கும் ஒரு விமானம்கூட என் கையின் வலுவைத் தாண்டிப் போகலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இனி ஹேங்கர். இந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும்கூட நான் மறுபடி போவேன்.

ஒரு 172இன் வாலடியில் எங்களை உட்கார வைத்துவிட்டார். நாற்காலி கிடையாது. வலது எலிவேட்டரின் (பின்வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகையின்) பின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தகடுதான் டிரிம் டேப். தம்பி காக்பிட்டில் வீலை உருட்ட, நான் டேப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீல் ‘மூக்கு கீழே’ பக்கம் உருண்டது. டேப் மேலே எழுந்தது. நான் ஒரு கணம் தடுமாறினேன். எத்தனையோ முறை இதைப் பரிசோதித்திருக்கிறேன், ‘அசைகிறது, சரி’ என்று போயிருக்கிறேன். எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று யோசித்ததே இல்லை. டேப் மேலே போனால் காற்று அதைக் கீழே அழுத்தும், அதோடு எலிவேட்டரின் பின் ஓரமும் இறங்கும், வால் எழும்பும், மூக்கு தாழும். ஆக, மூக்கு கீழே என்றால் டேப் மேலே. கேப்டன் இதை எங்களைப் பத்து முறை சொல்ல வைத்தார், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டதற்கு ஒரு விபத்தைச் சொன்னார். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் ஒரு பீச் 1900டி விமானம், பராமரிப்புக்குப் பிறகு முதல் பறப்பு. டிரிம் கேபிளை மாற்றிப் போட்டபோது திசை தலைகீழாகிவிட்டது. விமானிகள் மூக்கை மேலே டிரிம் செய்யச் செய்ய, அது கீழே ஓடியது. இருவரும் இறந்தார்கள். பட்டறையில் யாராவது ஒருவர் வீலை உருட்டிவிட்டு வாலடிக்கு நடந்து வந்து, டேப் சரியான பக்கம் போகிறதா என்று பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். வகுப்பறையில் இதை ஸ்லைடாகக் காட்டியிருந்தால் மறந்திருப்பேன். டேப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்து டேப்பின் ஆட்டம். எலிவேட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு டேப்பை விரலால் மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். எவ்வளவு ஆட்டம் அனுமதி என்று அந்தந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் இருக்கும். எனக்கு இது பழகிய வேலை. ஆடும் பல்லை இரண்டு கருவிப் பிடிகளுக்கு நடுவில் அசைத்துப் பார்ப்போம், அதே விரல்தான். ஆடும் டேப்பை வேகமான காற்று துடிக்க வைக்கும், துடிப்பு கூடினால் டேப் பிய்ந்து போகும். 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் ஒரு பி-51 முஸ்டாங்குக்கு நடந்தது இதுதான். பழசான பூட்டு நட்டுகள், தளர்ந்த திருகுகள், துடித்த டேப். மூக்கு ஒரேயடியாக மேலே எறியப்பட்டது. விமானியும் பார்வையாளர்கள் பத்துப் பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் வேகம் நம் விமானத்துக்கு வராது. ஆனால் நட்டும் திருகும் எல்லா விமானத்திலும் நட்டும் திருகும்தான்.

பிறகு ஒரு புதிர் போட்டார். எலிவேட்டரையே என் இரு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, “இது இப்படியே சிக்கிக்கிச்சுன்னு வைங்க. இப்போ வீலை ‘மூக்கு கீழே’ உருட்டினா மூக்கு எங்கே போகும்?” என்றார். கீழே என்றார் தம்பி. நானும் அதையே நினைத்தேன். தவறு. எலிவேட்டர் அசையாதபோது டேப்பே ஒரு குட்டி எலிவேட்டர் ஆகிவிடுகிறது. டேப் மேலே போனால், எலிவேட்டர் மேலே போனதுபோல மூக்கு எழும்பும். அதாவது வீல் தலைகீழாக வேலை செய்யும், அதுவும் மிகப் பலவீனமாக. இதற்கு மாறாக, கேபிள் அறுந்து எலிவேட்டர் தொளதொளவென்று இருந்தால் வீல் வழக்கம்போலவே வேலை செய்யும். இரண்டையும் பிரித்து அறிய யோக்கை அசைத்துப் பார்த்தாலே போதும். இறுகி நிற்கிறதா, வெறுமனே ஆடுகிறதா?

இடையே அவர் சொன்ன ஒரு துணுக்கு. டேப்பைக் கொண்டு பெரிய தகட்டைத் திருப்பும் உத்திக்கு ஃபிளெட்னர் டேப் என்று ஒரு பெயர் உண்டு. ஆன்டன் ஃபிளெட்னர் என்ற ஜெர்மானியர், கப்பலின் மேல் சுழலும் தூண்களை நிறுத்திப் பாய்மரம்போல ஓட்டினாரே, அவரேதான். அந்தக் கப்பல் 1926இல் அட்லாண்டிக்கைக் கடந்தது. பரீட்சைக்கு வராது. ஆனால் வாலடியில் உட்கார்ந்து கேட்க நன்றாக இருந்தது.

சிமுலேட்டருக்கு வருவோம். இங்கேதான் பள்ளியோடு எனக்குச் சண்டை.

திரைகள் மூன்று, காட்சி பிரமாதம். யோக்கில்தான் கோளாறு. உள்ளே இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். எந்த வேகத்திலும் அதே பாரம். டிரிம் முழுக்க ஓடிவிட்டாலும் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை, திரையில் மூக்கு மட்டும் ஏறுகிறது. வீலை உருட்டினால் மூக்கு இறங்குகிறது. இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன பழக்கம் வரும்? தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே வீலால் மூக்கைத் துரத்துகிற பழக்கம். அதுதான் வரவே கூடாத பழக்கம். முதலில் யோக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் வைத்து, பவரைச் சரிசெய்து, பிறகு கையில் மிச்சமிருக்கும் பாரத்தை வீலால் கரைக்க வேண்டும். பாரமே தராத கருவியில் எதைக் கரைப்பது? தம்பி இங்கே என்னைவிட நன்றாகச் செய்தார். கணினி விளையாட்டு விரல்கள். மேலே போனதும் அதே விரல்கள் அவரைத் தடுமாற வைத்தன.

ஒரே ஒரு பயன் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, டிரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரைத் தேடிப் பிடிப்பது. மின்சார டிரிம்மும் உள்ள விமானத்தில் அதன் மோட்டார் தானாக ஓடினால் செய்ய வேண்டியவற்றை இருபது முறை திரும்பத் திரும்பச் செய்தோம். யோக்கை இறுக்கிப் பிடி, மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியே வைத்திரு, பிரேக்கரை இழு, வீலைக் கையால் திருப்பு. பிரேக்கரைச் சுற்றி வண்ண வளையம் ஒன்றை மாட்டியிருந்தார்கள், தடவினால் விரலுக்கே தெரியும். நல்ல யோசனை. ஆனால் இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். மிச்ச முக்கால் மணி நேரத்தைப் பறப்பில் சேர்த்தால் என்ன?

பறப்பு. முதலில் தம்பி ஓட்ட, நான் பின்னிருக்கையில். ஒரு முன்னெச்சரிக்கை: பின்னால் உட்காரப்போகிறவர் பை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மூக்கு மேலும் கீழும் போகும் ஒரு மணி நேரம் அது. நான் தப்பித்தேன், மயிரிழையில்.

பின்னிருக்கையிலும் ஒரு பாடம் இருந்தது என்று இறங்கிய பிறகுதான் புரிந்தது. எனக்கு முறை வந்தபோது தம்பியின் வயிறு சரியில்லை, அவர் பின்னால் ஏறவில்லை. அவர் ஓட்டும்போது நான் பின்னால் இருந்ததால் எடை மையம் பின்னே நகர்ந்திருந்தது, யோக் இலகுவாக இருந்ததாகச் சொன்னார். எனக்குப் பின்னிருக்கை காலி, மையம் முன்னே. அதே விமானம், அதே வேகம், இழுக்கக் கனமாக இருந்தது, டிரிம்மையும் கூடுதலாகப் பின்னுக்கு உருட்ட வேண்டியிருந்தது. கேப்டன் இதைப் பாடத்தில் சேர்க்கவே இல்லை, தற்செயலாக அமைந்தது. வேண்டுமென்றே சேர்க்கலாம்.

4,000 அடியில் 95 நாட்டுக்கு டிரிம் செய்யச் சொன்னார். “கையை எடுங்க டாக்டர்.” எடுத்தேன். மூக்கு மெல்ல இறங்கியது. நான் டிரிம் செய்து முடித்ததாக நினைத்தது முடியவில்லை. மூன்றாவது முறைதான் நின்றது. பிறகு யோக்கை இழுத்து 85 நாட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி கையை எடுக்கச் சொன்னார். மூக்கு இறங்கியது, வேகம் 103 வரை ஏறியது, மூக்கு எழும்பியது, வேகம் 88, மறுபடி இறக்கம். யாரும் தொடாமலே விமானம் ஊஞ்சலாடி, ஆட்டம் சுற்றுக்குச் சுற்றுக் குறைந்துகொண்டே வந்து 95இல் அடங்கியது. ஃப்யூகாய்டு என்று பெயர். ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணச் சொன்னார். 27 எண்ணினேன். எளிய ஏட்டுக் கணக்கு இந்த வேகத்துக்கு 22 என்கிறது, நிஜ விமானம் கொஞ்சம் சோம்பேறி. அந்த ஊஞ்சலைக் கையால் துரத்தினால் ஆட்டம் கூடும் என்பதையும் காட்டினார். நான் துரத்தினேன், கூடியது.

அப்போதுதான் அவர் சொன்னார்: “நீங்க செட் பண்றது உயரத்தை இல்ல, வேகத்தை. டிரிம் வீல்னா அது வேக வீல்.” வகுப்பறை ஸ்லைடிலும் இது இருந்தது, நான் படித்தும் இருக்கிறேன். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு, விமானம் தானாகப் போய் 95ஐத் தேடி உட்கார்ந்ததைப் பார்க்கும்வரை அது எனக்கு வெறும் வாக்கியம்தான்.

அடுத்தது ஏமாற்று வேலை. என்னை இடதுபுறம் வெளியே எதையோ பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் கீழே வீலைக் கமுக்கமாக உருட்டுவார். எனக்குக் கைக்குத் தெரிய வேண்டும். முதல் முறை எட்டு நொடி கழித்துத்தான் கண்டுபிடித்தேன். விமானம் கனக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கெட்டியாகப் பிடித்தேனே தவிர, டிரிம் என்று தோன்றவில்லை. நம் கை தானாகவே ஈடுகட்டிக்கொள்கிறது, அதுதான் ஆபத்து. ஐந்தாவது முறை இரண்டு நொடியில் பிடித்தேன். இரண்டு விரலால் பிடித்திருந்தால் உடனே தெரிகிறது, முஷ்டியால் பிடித்திருந்தால் தெரிவதில்லை. இதையாவது நான் முன்பே அறிந்திருக்க வேண்டும், மாணவர்களிடம் கருவியைப் பேனாபோலப் பிடிக்கச் சொல்லியே தொண்டை வறண்டவள் நான்.

பிறகு பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். பயணப் பெட்டியை எடை பார்ப்பார்களே, அந்தச் சின்ன டிஜிட்டல் தராசு. யோக்கில் மாட்டிப் பின்னுக்கு இழுத்தால் எத்தனை கிலோ என்று காட்டும். மூக்கு தாழ்வாக, 115 நாட்டுக்கு டிரிம் செய்துவிட்டு அதை அங்கேயே விட்டார். டிரிம் சிக்கிவிட்டது என்று கணக்கு. அதோடு என்னை வேகத்தைக் குறைக்கச் சொன்னார். நான் நினைத்தது, வேகம் குறைந்தால் காற்றின் பலம் குறையும், பாரமும் குறையும். நடந்தது நேர்மாறு. 100 நாட்டில் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது, 85இல் நன்றாகவே இழுக்க வேண்டியிருந்தது, 70இல் தராசைப் பார்க்க எனக்கு மனமில்லை. ஏன் என்றால் டிரிம் 115ஐக் கேட்கிறது. அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறேனோ அவ்வளவு அது மல்லுக்கட்டும்.

மூக்கு மேலே சிக்கினால்? அதையும் செய்தோம். 65 நாட்டுக்கு டிரிம் செய்துவிட்டு 100இல் ஓட்டினால் தோள் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கிறது, 80க்கு வந்தால் குழந்தை விளையாட்டு. ஆக, மேலே சிக்கினால் வேகத்தைக் குறைப்பது கைக்குச் சுகம், ஆனால் ஸ்டால் (மூக்கு அதிகம் எழுந்து, வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) நெருங்காதபடி இடம் விட்டுக் குறைக்க வேண்டும். கீழே சிக்கினால் டிரிம் எந்த வேகத்தைக் கேட்கிறதோ அதற்குப் பக்கத்தில் பறந்துகொண்டு, இறங்கும்போது வரப்போகும் பாரத்துக்கு இரண்டு கையையும் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். நீளமான ஓடுபாதை, கொஞ்சம் கூடுதல் வேகம். முழுக்கக் கீழே ஓடிவிட்டிருந்தால் அது கேட்கும் வேகம், தாண்டவே கூடாத வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டையே தாண்டியிருக்கலாம். அப்போது த்ராட்டிலைக் குறைத்து, இழுத்துப் பிடித்து, பாய்ச்சலை நிறுத்துவதுதான் முதல் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதைக் கையேட்டுக்காகவும் எழுதுகிறேன், விமானத்தின் கையேடு இல்லை, பள்ளி கொடுத்த பயிற்சிக் கையேடு. அதன் 14ஆம் பக்கத்தில் ‘டிரிம் சிக்கினால் எந்த நிலையிலும் வேகத்தைக் குறைக்கவும்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. பாதி உண்மை. கேப்டனே மேலே 4,000 அடியில் அதைப் பொய்யாக்கிக் காட்டினார். இறங்கியதும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “அது நான் எழுதினதில்லை டாக்டர்.”

கடைசியாக என் சொந்தப் பாவம். 3,000 அடியைத் தரை என்று வைத்துக்கொண்டு, முழு ஃபிளாப், 65 நாட், டிரிம் பின்னுக்கு, முழு பவர். என்னைத் தள்ள வேண்டாம் என்றார், கையை மட்டும் வைத்திருக்கச் சொன்னார். மூக்கு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. கண்ணாடி முழுக்க வானம், ஸ்டால் எச்சரிக்கை ஹாரன் கதறியது. அன்றைக்கு ஓடுபாதைக்கு மேல் நான் எதற்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தேன் என்று அப்போது தெரிந்தது. வாய் உலர்ந்துவிட்டது. அவர் எதுவும் பேசாமல் மூக்கை இறக்கி, அதையே மூன்று முறை என்னைச் செய்ய வைத்தார். பவர் கொடுக்கும் முன்பே கை முன்னுக்குத் தயாராக இருக்க வேண்டும். மூக்கு எழுந்த பிறகு தள்ளுவதல்ல, எழ விடாமல் பிடிப்பது. வேகம் நிலைப்பட்டதும் வீலில் ஒரு பெரிய உருட்டல், பிறகுதான் ஃபிளாப், அதுவும் படிப்படியாக. தொட்டுக் கிளம்பும் சுற்றானால் ஓடுபாதையில் ஓடும்போதே டிரிம்மைக் கிளம்புவதற்கான குறிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் நின்றுவிட்டு மறுபடி வந்து கிளம்பலாம், யாரும் துரத்தவில்லை.

யோக்கைத் தொடாமல் டிரிம், பவர், ரட்டர் (வாலின் செங்குத்துத் தகடு) மட்டும் வைத்து 500 அடி வரை இறங்கியதும் உண்டு. அது பாடம்போல இல்லை, வேடிக்கையாக இருந்தது. விரலளவு உருட்டு, பொறு, பார். பொறுக்காவிட்டால் ஊஞ்சல்.

சேரலாமா என்றால், இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள். வாலடியில் உட்கார வைப்பீர்களா? சிமுலேட்டர் யோக்கில் வேகத்துக்கேற்ற பாரம் வருமா? இரண்டாவதற்கு இல்லை என்றால், அந்த நேரத்தைப் பறப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். புதிதாக உரிமம் வாங்கியவர்களைவிட, என்னைப்போல் நூறு இருநூறு மணி நேரம் பறந்து, எல்லாம் தெரியும் என்று இருப்பவர்களுக்கு இது அதிகம் பயன்படும்.

மறு வாரம் நான் பங்கு வைத்திருக்கும் விமானத்தின் வாலடியில் போய் உட்கார்ந்தேன். டேப்பை ஆட்டிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. பொறியாளரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். கீல் ஊசி தேய்ந்திருந்தது. மாற்றியாயிற்று. மாற்றிய பிறகு வீலை உருட்டிவிட்டு நானே நடந்து போய்ப் பார்த்தேன், மூக்கு கீழே, டேப் மேலே.

14ஆம் பக்கத்தைப் பற்றிப் பள்ளிக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று பதில் வந்தது. என் பிரதியில் பென்சிலால் திருத்திவிட்டேன். தம்பியின் பிரதியிலும்.